பீஷ்மர் திருப்பி அனுப்பிய வைத்தியர்கள்



பீஷ்ம அஷ்டமி அன்று மாலை நம் மன்றத்துச் சத்சங்கத்தில் நான் பேசியதை எழுதித் தரச் சொன்னார்கள். அன்று பேசும்போது நடுவில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாதியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் பண்டிதன் இல்லை. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பையன். தப்பு இருந்தா பெரியவங்க பொறுத்துக்கணும்.

பீஷ்மர் கதை நமக்கெல்லாம் தெரியும். பத்தாம் நாள் போரில் அர்ஜுனனின் அம்புகள் பட்டுத் தேரிலிருந்து விழுகிறார். உடம்பு தரையில் படவில்லை. அம்புகளே படுக்கையாகிவிட்டன. விரும்பியபோது உயிர் விடலாம் என்ற வரம் அவருக்கு உண்டு. உத்தராயணம் வரட்டும் என்று காத்திருக்கிறார். சின்ன வயசில் அமர் சித்திர கதாவில் இந்தப் படத்தைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு அடுத்து நடந்ததை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். தலை தொங்குகிறது, தலையணை வேண்டும் என்கிறார் பீஷ்மர். அரசர்கள் ஓடிப்போய் மெத்து மெத்தென்று பட்டுத் தலையணைகளைக் கொண்டுவருகிறார்கள். அவர் வேண்டாம் என்கிறார். அர்ஜுனனைப் பார்க்கிறார். அர்ஜுனன் கண்ணீரோடு மூன்று அம்புகளை எய்து தலைக்குத் தாங்கலாக நிறுத்துகிறான். நான் கேட்டது இதுதான் என்று அவர் சந்தோஷப்படுகிறார்.

பிறகு வைத்தியர்கள் வருகிறார்கள். அம்பு பிடுங்குவதில் கைதேர்ந்தவர்கள், கருவிகளோடு வருகிறார்கள். பீஷ்மர் துரியோதனனைக் கூப்பிட்டு, இவர்களுக்கு உரிய மரியாதை செய்து, பொருள் கொடுத்து அனுப்பிவிடு, இந்த நிலையில் எனக்கு வைத்தியம் எதற்கு என்கிறார்.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். துரியோதனன் யார்? யார் சொன்னாலும் கேட்காதவன். அப்பா சொன்னார், விதுரர் சொன்னார், கண்ணனே தூது வந்து சொன்னான், கேட்கவில்லை. பீஷ்மர் பிழைத்து எழுந்தால் அவனுக்குத்தான் லாபம்; அவனுடைய சேனாதிபதி அவர். அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், வைத்தியர்களுக்கு மரியாதை செய்து அனுப்பி வைத்தான்.

துரியோதனனே கேட்டான். நான் கேட்கவில்லை.

தாத்தாவுக்கு நான் செய்தது

என் தாத்தா, அம்மாவோட அப்பா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேக்காவில் பஃபலோ ரோடு புளோக் ஒன்றில் அவரும் பாட்டியும் இருந்தார்கள். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது எலும்புக்குப் பரவியிருந்தது. ஒருமுறை வார்டில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு நெஞ்சை அமுக்கி, குழாய் போட்டு, எல்லாம் நடந்ததைத் திரை இடுக்கில் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: “எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் பண்ணாதீங்கம்மா. என் கட்டில்லயே போயிடறேன்.”

அம்மா அப்போ, “சும்மா இருங்கப்பா, நல்ல நாளும் அதுவுமா” என்று பேச்சை மாற்றிவிட்டார். மாமாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. தாளில் எதுவும் இல்லை.

நான் தேசிய சேவை முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. அன்று இரவு தாத்தா வீட்டில் நான்தான் துணைக்குப் படுத்திருந்தேன். விடிகாலை மூன்று மணி இருக்கும். பாட்டி என்னை உலுக்கி எழுப்பினார். தாத்தாவுக்கு மூச்சு இல்லை. 995 அடித்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன். பயிற்சியில் சொல்லித் தந்தது அப்படியே வந்தது: தரையில் கிடத்து, நெஞ்சின் நடுவே உள்ளங்கை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. மூன்றாவது நான்காவது அமுக்கலிலேயே என் கைக்குக் கீழே ஒரு எலும்பு முறிந்தது. பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நான் நிறுத்தவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. நாடி திரும்பியது. அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? தாத்தாவைக் காப்பாத்திட்டேன்!

அதற்குப் பிறகு ஒன்பது நாள். வாயில் குழாய். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கைகளுக்குப் பெரிய உறை. கண் பாதி திறந்திருக்கும். அம்மா பக்கத்தில் போனால் கண்ணோரம் தண்ணீர் வரும். அது அழுகையா, வெறும் கண்ணீரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை பேச முடியாமல், விபூதி பூச நேரம் பார்த்துப் போகவேண்டிய இடத்தில், ஒன்பதாம் நாள் போனார். மாடிப்படியில் உட்கார்ந்து அம்மா அப்போதுதான் என்னிடம் சொன்னார், தாத்தா முன்னாடியே கேட்டிருந்தாருன்னு.

இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆம்புலன்சில் வந்த அண்ணன்மாரும் மருத்துவமனையில் இருந்தவர்களும் அவர்கள் கடமையைச் செய்தார்கள். 995 கூப்பிட்டால் உயிரைக் காப்பாற்றத்தான் வருவார்கள். தாத்தாவின் ஆசை எங்கள் வீட்டுக்குள் ஒரே ஒருவர் மனதில் பூட்டிக் கிடந்தது. தப்பு அங்கேதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்.ஆர்.டி. நிலையத்திலோ காப்பிக் கடையிலோ ஒருவர் சுருண்டு விழுந்தால் யோசிக்காதீர்கள். 995 அடியுங்கள், நெஞ்சை அமுக்குங்கள். தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளுங்கள். திடீரென்று இதயம் நின்ற ஒருவருக்கு அது உயிர்ப்பிச்சை. பல மாதம் நோய் அரித்து, உடம்பே முடிவுக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, பெரும்பாலும் அது அவர் கேட்காத கடைசி வலி. செய்கை ஒன்றுதான். யாருக்கு, எப்போது என்பதில்தான் தர்மம் இருக்கிறது.

பாட்டி கூப்பிட்டுச் சொன்னது

பாட்டிக்கு இதயம் பலவீனம். தாத்தாவுக்கு முதல் வருஷத் திதி முடிந்த அன்று, சாப்பிட்ட இலையை எடுத்த கையோடு எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார். அம்மா, மாமா, மாமி, அப்பா, நான், தங்கச்சி.

“அவருக்கு நடந்தத நான் பாத்தேன். எனக்கு அது வேணாம். வலிக்கு மருந்து கொடுங்க, மூச்சு வாங்குனா அதுக்குக் கொடுங்க. நெஞ்சு நின்னா நின்னதுதான். நெஞ்ச அமுக்கக் கூடாது, வாயில குழாய் போடக் கூடாது. இந்த வீட்டுல, என் கட்டில்ல.”

மாமா எழுந்துவிட்டார். “நான் ஒரே ஆம்பளப் புள்ள. நாளைக்கு ஊர்லேருந்து போன் பண்ணி, பெரிய ஆஸ்பத்திரியில ஏன் சேக்கலன்னு கேப்பாங்க. நான் என்னம்மா சொல்றது?”

பாட்டி சொன்ன பதிலை நான் போனில் எழுதி வைத்திருக்கிறேன். “கொள்ளி வைக்கிறது மட்டும்தான் புள்ளையோட வேலையா? சொன்னதக் கேக்கறதும் புள்ளையோட வேலைதான்டா.”

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது? 2014-ல் லியன் அறநிறுவனம் எடுத்த கருத்தாய்வில் 77 விழுக்காட்டினர் வீட்டில்தான் உயிர் பிரிய வேண்டும் என்று விரும்பினார்கள். ஆனால் இங்கே பத்தில் ஆறு பேர் மருத்துவமனையில்தான் இறக்கிறார்கள். அந்த 61 விழுக்காட்டை 2027-க்குள் 51 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று 2023-ல் சுகாதார அமைச்சே இலக்கு வைத்தது. அமைச்சு படுக்கையும் தாதியரும் கொடுக்கலாம். கூடத்தில் உட்கார்ந்து பேசுவதை நாம்தான் செய்ய வேண்டும்.

பேசிய பிறகு எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கும் இதெல்லாம் குழப்பமாகத்தான் இருந்தது.

முதலாவது ஏ.சி.பி., அதாவது முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல். பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து, எது உங்களுக்கு முக்கியம், எது வேண்டாம், உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக யார் பேசுவார் என்று கேட்டு எழுதிக்கொள்வார். சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரம் இல்லை; ஆனால் மருத்துவர்களுக்கு அது வழிகாட்டி. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

இரண்டாவது ஏ.எம்.டி. 1996-ல் வந்த சட்டம். 21 வயதானவர்கள் கையெழுத்திடலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் மருத்துவர். தீராத நோயின் கடைசிக் கட்டத்தில், தானாக முடிவெடுக்க முடியாத நிலையில், உயிரை நீட்டிக்க மட்டுமே பயன்படும் அசாதாரண சிகிச்சை வேண்டாம் என்பதற்கானது இது. வலி நிவாரணம் இதில் நிற்காது.

மூன்றாவது எல்.பி.ஏ. நமக்குச் சுயநினைவு இல்லாமல் போனால் பணம், பராமரிப்பு போன்றவற்றை யார் பார்ப்பது என்று எழுதும் அதிகாரப் பத்திரம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். “அம்மா என் பேர்ல எல்.பி.ஏ. எழுதிட்டாங்க, அது போதும்” என்று நினைக்கிறோம். உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அதில் வராது. அதை மருத்துவர்தான் நோயாளியின் நலனைப் பார்த்து முடிவு செய்வார். அப்போது அவருக்கு நோயாளியின் விருப்பம் தெரிந்திருக்க வேண்டாமா? அதனால்தான் பேச்சு முக்கியம்.

டி.என்.ஆர். என்பது இதில் ஒரு சின்னப் பகுதி. இதயம் நின்றால் திரும்ப ஓட வைக்க முயலாதீர்கள் என்ற ஒரே ஒரு குறிப்பு. ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம், ஆக்சிஜன் வைக்கலாம், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கலாம், எல்லாம் உண்டு. “ஒண்ணும் செய்யாதே” என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

ஊரில் தாத்தா பாட்டி இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவிலும் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது.

சிராங்கூன் ரோட்டில் நாம் எத்தனை முறை நடந்திருப்போம். வீரமாகாளியம்மன் கோயில், தைப்பூசக் காவடி புறப்படும் சீனிவாசப் பெருமாள் கோயில், வடபத்திர காளியம்மன் கோயில். அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் நடந்தால் குவோங் வாய் ஷியு மருத்துவமனை. 1910-லிருந்து இருக்கிறது. அந்த வளாகத்தில்தான் எச்.சி.ஏ. அந்திமகாலப் பராமரிப்பு அமைப்பு இருக்கிறது. 1989-லிருந்து வீடு வீடாகப் போய், கட்டணம் வாங்காமல், கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று கோயிலிலும் கும்பிட்டு நிற்கும் நமக்கு நாலாவது வாசல் கண்ணில் பட்டதே இல்லை. எனக்கும்தான்.

இது பாவமா?

சத்சங்கத்தில் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, உயிர் கொடுத்தவன் கடவுள். காப்பாத்த வழி இருந்தும் விட்டுட்டா அது பாவம் இல்லையா? கர்மாவ நாமளே பாதியில வெட்டற மாதிரி ஆகாதா?”

நல்ல கேள்வி. எனக்கும் இருந்த கேள்வி. திரும்பவும் பீஷ்மரிடம் போவோம்.

வைத்தியர்களை அனுப்பிய பீஷ்மர் அன்றே உயிரை விட்டாரா? இல்லை. ஐம்பத்தெட்டு இரவு இருந்தார். அவர் சாவைத் துரத்திக்கொண்டும் போகவில்லை, வருகிற சாவைத் தள்ளவும் சொல்லவில்லை. உடம்பைத் திருத்தும் வேலை முடிந்தது, இனி இருக்கிற நேரத்தை நேரமாகவே வாழ்வேன் என்றார். அந்த ஐம்பத்தெட்டு இரவில் என்ன நடந்தது? தருமர் வந்து காலடியில் உட்கார்ந்தார். ராஜதர்மம், தானம், மோட்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாந்தி பர்வமும் அனுசாசன பர்வமும் அந்தப் படுக்கையிலிருந்து வந்தவை. பெருமாள் கோயிலில் நாம் சொல்கிற விஷ்ணு சகஸ்ரநாமமும் அங்கிருந்து வந்ததுதான். அம்பைப் பிடுங்கும் கலவரத்திலேயே அந்த நாட்கள் போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள், யார் சொல்லியிருப்பார்கள்?

கர்மாவைப் பற்றி என் சின்ன அறிவுக்கு எட்டியது இது. முயற்சி நம் கையில், முடிவு நம் கையில் இல்லை என்று கீதை வகுப்பில் படிக்கிறோம். பரீட்சைக்கு மட்டும்தானா அது? பாட்டியின் நெஞ்சு எப்போது நிற்கும் என்பது என் கையில் இல்லை. அது நிற்கும்போது பாட்டி தரையில் கிடக்கிறாரா, கட்டிலில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாரா, அதில் என் பங்கு உண்டு.

நம் தமிழ்நாட்டிலேயே, நம் தாத்தாக்கள் காலத்திலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். திருவண்ணாமலை ரமண மகரிஷி. 1949-ல் அவர் இடக்கையில் புற்றுக்கட்டி வந்தது. அந்த ஒரே வருஷத்தில் நான்கு முறை அறுவை சிகிச்சை. டாக்டர்களும் அடியார்களும் கேட்டபோது அவர் உடம்பைக் கொடுத்தார். கையையே எடுத்துவிடலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். 1950 ஏப்ரல் 14 இரவு, கடைசி நேரத்தில் ஒரு டாக்டர் ஆக்சிஜன் வைக்கப் போனார். பகவான் வலக்கையை அசைத்து விலக்கிவிட்டார். வெளியே அடியார்கள் அக்ஷரமணமாலை பாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அடங்கினார். வைத்தியத்தை அவர் வெறுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. எதுவரை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றி இருந்தவர்கள், நெஞ்சு வெடித்தாலும், அந்தக் கை அசைவை மதித்தார்கள்.

ஆனால் இதில் ஒரு பெரிய எச்சரிக்கையும் இருக்கிறது. விலக்கியது அவருடைய கை. பீஷ்மருடைய வாய். முடிவு நோயாளியிடமிருந்து வர வேண்டும். பணம் செலவாகிறது, லீவு கிடைக்கவில்லை, ஹெல்பர் அக்கா ஒப்பந்தம் முடியப்போகிறது என்று நம் சௌகரியத்துக்காக ஒரு பெரியவரைக் கையெழுத்துப் போட வைத்தால், அது பாவம்தான். சந்தேகமே வேண்டாம். “எனக்கு எல்லா சிகிச்சையும் வேணும், கடைசி வரைக்கும் போராடணும்” என்று அவர் சொன்னால் அதையும் அதே மரியாதையோடு செய்ய வேண்டும்.

மார்கழி இரவு

போன மார்கழியில் பாட்டிக்கு மூச்சு வாங்குவது அதிகமானது. வீட்டுக்கு வரும் தாதி, இனி நாட்கணக்குதான் என்று பக்குவமாகச் சொன்னார். என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லித் தந்தார்: சாப்பாடு வேண்டாம் என்பார், அதிகம் தூங்குவார், கை கால் குளிரும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். “கேக்க பயமா இருக்கும், ஆனா அவங்களுக்கு அது வலிக்காது” என்றார். மருந்துகளை ஒரு டப்பாவில் போட்டு, எது எப்போது என்று எழுதி வைத்தார். நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்: “995 வேண்டாம். முதலில் இந்த எண்.” கீழே அவர்களுடைய 24 மணி நேர எண்.

ஏன் ஒட்டினேன் தெரியுமா? என் கை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த இரவு பதினொரு மணிக்கு மேல் மூச்சு மாறியது. எனக்குத் தெரியாமலே போனை எடுத்து 9 அழுத்தியிருந்தேன். இன்னொரு 9-ம் அழுத்தினேன். அம்மா என் கையை மெதுவாகப் பிடித்தார். பேசவில்லை, ஃப்ரிட்ஜைப் பார்த்தார். நான் அந்த எண்ணுக்கு அடித்தேன். மறுமுனையில் தாதி நிதானமாகச் சொன்னார்: தலைமாட்டை உயர்த்துங்க, டப்பாவில் இருக்கிற சொட்டு மருந்தை நாக்குக்கு அடியில் விடுங்க, உதட்டை ஈரப்பஞ்சால் துடைங்க, பக்கத்தில் இருங்க.

நாங்கள் அதைத்தான் செய்தோம். தங்கச்சி போனில் எம்.எஸ். அம்மா குரலில் சகஸ்ரநாமம் மெதுவாக வைத்தாள். அம்மா விபூதி பூசிவிட்டார். மாமா கால்மாட்டில் உட்கார்ந்து பாட்டியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தீர்த்தத்தில் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தபோது பாட்டி அதைச் சப்பினார். பீஷ்மருக்கு அர்ஜுனன் தண்ணீர் கொடுத்த கதை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குடம் குடமாகக் குளிர்ந்த நீர் கொண்டுவந்த அரசர்களை விட்டு, பீஷ்மர் அவனைத்தானே கேட்டார். அவன் பூமியில் அம்பு விட்டு நீர் வரவழைத்தான். என் கையில் இருந்தது ஒரு பஞ்சுத் துண்டு, அவ்வளவுதான்.

விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்கு, கீழே தேக்கா சந்தைக்கு லாரிகள் வந்து சாமான் இறக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை.

போலீஸ் வருவாங்களோ, வீட்டில் இறந்தால் பிரச்சினையோ என்று மாமாவுக்கு முன்பு பயம் இருந்தது. நோய் தெரிந்த, குழு பார்த்துக்கொண்டிருந்த பாட்டி என்பதால் அப்படி எதுவும் இல்லை. மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்து இறப்பை உறுதிப்படுத்தினார். 2022 மே மாதக் கடைசியிலிருந்து, மருத்துவர் உறுதிப்படுத்தியதும் பதிவு தானாக நடந்துவிடுகிறது. சான்றிதழை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மக்சிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாட்டி காலடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

மண்டாயிலிருந்து திரும்பி வந்த பிறகு மாமா உடைந்துவிட்டார். “அம்மாவுக்கு நான் ஒண்ணுமே பண்ணலையேக்கா.” அம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார், “ஆறு மணி நேரம் கால விடாம புடிச்சுக்கிட்டு இருந்தியேடா. அம்மா கேட்டது அதத்தானே.”

ஊரிலிருந்து போன் வந்தது. கேள்வியும் வந்தது: பெரிய ஆஸ்பத்திரியில ஏன் சேக்கல? மாமா கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அம்மா வேணாம்னு சொன்னாங்க சித்தப்பா, நான் கேட்டேன்” என்றார். அதோடு வைத்துவிட்டார்.

நமக்கு இந்த மாதம்

எல்லாம் நிம்மதியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தாத்தாவின் அந்த எலும்புச் சத்தம் இன்னும் போகவில்லை. இன்ஜினியரிங்கில் ஓடுவது நின்றால் பிரித்துச் சரி செய்து திரும்ப ஓட்டத்தான் சொல்லித் தருகிறார்கள். கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவதற்குப் பாடம் இல்லை. அந்தப் பாடத்தைப் பாட்டிதான் நடத்தினார். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பெரியவர்கள் சொன்னதைக் காப்பாற்றுவதும் சேவை. அதற்கு முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். அந்த இராத்திரியில் கேட்க முடியாது. அப்போது நம் பயம்தான் பேசும்.

அதனால் அடுத்த சத்சங்கத்துக்கு வருவதற்குள் மூன்று காரியம் செய்து பாருங்கள்.

ஒன்று, வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையா? இந்தப் பீஷ்மர் கதையைச் சொல்லுங்கள். “உங்களுக்கு எப்படிம்மா வேணும்?” என்று ஒரு வார்த்தை போதும். “நல்ல நாளும் அதுவுமா” என்று பேச்சை மாற்றினால் விடுங்கள், இன்னொரு நாள் கேளுங்கள்.

இரண்டு, கேட்டதை வீட்டில் எல்லாருக்கும் தெரிய வையுங்கள். ஒருவர் மனதில் மட்டும் இருந்தால் அது இல்லாத மாதிரிதான். தாளில் ஏற்றுங்கள். பாலிகிளினிக்கிலோ மருத்துவமனையிலோ ஏ.சி.பி. பற்றிக் கேளுங்கள்.

மூன்று, சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போகும்போது அந்த நாலாவது வாசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அந்திமகாலப் பராமரிப்பில் தொண்டூழியர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். தமிழ் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அங்கே இருக்கிற ஒரு பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்குப் பேச்சு முடிந்ததும் அந்தத் தம்பி என்னிடம் வந்தான். “எங்கப்பாவுக்கு கிட்னி டயாலிசிஸ் நடக்குதுண்ணே. இன்னிக்குக் கேக்கறேன்” என்றான். கேட்டானா என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை. கேட்டிருப்பான் என்று நம்புகிறேன்.

பீஷ்ம பிதாமகரின் பாதங்களுக்கு நமஸ்காரம். ஹரி ஓம்.